இடி பக்கத்தில் இருக்கும் ஊர்

செம்மநத்தத்தில் இடி மேலேயிருந்து விழுவதில்லை, பக்கத்திலிருந்து வரும். சமவெளிக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அந்த ஊர் இருக்கும் ஏற்காட்டு மலை கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். சித்திரையிலும் வைகாசியிலும் சேலத்து வெக்கையெல்லாம் மலையேறி மேகமாகத் திரண்டால், அந்த மேகம் வீட்டு வாசலுக்கு நேராக வந்து நிற்கும். மின்னலும் சத்தமும் ஒன்றாகவே வரும். மின்னலைப் பார்த்துவிட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணி, ‘தூரத்தில்தான்’ என்று மனத்தைத் தேற்றிக்கொள்ள அங்கே இடைவெளியே கிடைக்காது.

நான் இடிக்குப் பயந்தவள். சேலத்து அம்மாப்பேட்டையில் தறிச்சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவளுக்குச் சத்தம் ஒரு பொருட்டே அல்ல. ஆனாலும் வானம் உறுமினால் போதும், பாவுக்குக் கஞ்சி போடும் அறையில் போய் ஒளிந்துகொள்வேன். அம்மா “அர்ஜுனா, அர்ஜுனா” என்று சொல்லச் சொல்வாள். எல்லா வீட்டிலும் சொன்னதுதான். பக்கத்து வீட்டுத் தாத்தா கொஞ்சம் படித்தவர். வெறுமே அர்ஜுனா என்றால் போதாது, பத்துப் பெயரையும் சொல்ல வேண்டும் என்பார். தனஞ்சயன், விஜயன், பல்குனன், கிரீடி என்று அவர் அடுக்குவதற்குள் மழையே விட்டுவிடும்.

அந்தப் பத்துப் பெயர்களும் பாரதத்தில் எங்கே வருகின்றன என்று பிற்பாடுதான் படித்தேன். விராட பருவத்தில். விராடனின் மகன் உத்தரன் அந்தப்புரத்துப் பெண்களிடம் வீரம் பேசிவிட்டுப் போர்க்களத்துக்கு வருகிறான். கௌரவப் படையைக் கண்டதும் தேரிலிருந்து குதித்து ஓடுகிறான். தேரோட்டிக்கொண்டு வந்த பிருகந்நளை துரத்திப் பிடித்து இழுத்து வருகிறாள். வன்னிமரத்தில் ஒளித்துவைத்த ஆயுதங்களை எடுக்கச் சொல்கிறாள். நான்தான் அர்ஜுனன் என்கிறாள். அப்படியானால் அர்ஜுனனுடைய பத்துப் பெயர்களையும் காரணத்தோடு சொல் என்கிறான் பையன். ஓடிப்போனவனுக்கு அந்த நேரத்தில் அத்தனை எச்சரிக்கை! பத்தும் சொல்லி முடிந்ததும் அவன் பயம் போய்விடுகிறது. கடிவாளத்தைப் பிடித்துத் தேரோட்ட உட்கார்ந்துவிடுகிறான். எதிரே பீஷ்மரும் துரோணரும் கர்ணனும் அப்படியேதான் நிற்கிறார்கள். படையில் ஒரு குதிரைகூடக் குறையவில்லை. தன்னோடு தேரில் இருப்பது யார் என்று தெரிந்துகொண்டதைத் தவிர உத்தரனுக்கு வேறொன்றும் நடக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் எனக்கு மலைமேல் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. செம்மநத்தம் என்று உத்தரவில் இருந்ததைப் பார்த்து அப்பா அட்லஸைத் தேடினார். அதில் ஏற்காடே ஒரு புள்ளிதான். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பேன். ஏற்காட்டில் இறங்கி ஊர் பஸ் பிடிக்க வேண்டும். அது வந்தால் வந்தது. இருபுறமும் காப்பித் தோட்டம், அதற்கு நிழலாகச் சில்வர் ஓக், அதன்மேல் சுற்றி ஏறும் மிளகுக்கொடி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து ஊன்றியது இந்த மலையின் காப்பி. சில்வர் ஓக்கின் பூர்வீகம் ஆஸ்திரேலியா. இரண்டும் வெளியூர்ச் சரக்கு. நானும்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

தங்க இடம் கொடுத்தது ஒரு மலையாளிக் குடும்பம். கேரளத்தார் அல்லர், சேர்வராயன் மலையின் பழங்குடிகள். அந்த வீட்டுக் கிழவியை ஊரே ஆயா என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். வீட்டில் எவரெடி டார்ச் ஒன்று உண்டு. ஆயா தொடமாட்டாள். அமாவாசை இருட்டில் ஒற்றையடிப் பாதையில் ஆட்டைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டு வருவாள். “டார்ச்சு அடிச்சா வெளிச்சம் உழற எடம் மட்டுந்தான் தெரியும் டீச்சரம்மா, மத்ததெல்லாம் இன்னும் இருட்டாயிடும்” என்பாள். இதை ஏதோ தத்துவம் என்று நான் டைரியில் எழுதிவைத்தேன். அவள் சொன்னது கண்ணைப் பற்றி. இருட்டுக்குக் கண்ணைப் பழக்கிக்கொண்டால் பாதை தெரியும், அவ்வளவுதான். படித்தவர்களுக்கு எல்லாவற்றிலும் தத்துவம் தேடும் வியாதி இருக்கிறது.

முதல் கோடைமழை அன்று பள்ளி விட்டு ஆயாவோடு வந்துகொண்டிருந்தேன். அவள் தலையில் விறகுச் சுமை. வானம் கறுத்ததும் ஓடிப்போய் ஒரு பெரிய சில்வர் ஓக் அடியில் ஒண்டினேன். ஆயா சுமையைப் போட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ஒசந்த மரத்தடியில நிக்கறயே, படிச்ச புள்ள தான நீ?”

“சாமி இருக்குது, பயப்படாதன்னு நீதான ஆயா சொன்ன?”

“சாமி இருக்குதுன்னா மரத்தடியில போய் நிப்பாங்களா? சாமி இல்லாதவதான் மரத்த நம்பணும்.”

சில்வர் ஓக் முப்பது மீட்டர் வரை வளரக்கூடியது. மேட்டில் தனித்து உயர்ந்து நிற்பதைத்தான் மின்னல் முதலில் தேடும். இந்தியாவில் மின்னல் தாக்கி ஓர் ஆண்டில் 2,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள், அதில் வயலிலும் மரத்தடியிலும் இருந்தவர்கள் நிறைய. ஐந்தாம் வகுப்புக்கு இடிதாங்கி பற்றிப் பாடம் நடத்தியவள் நான். பயம் வந்தால் படித்தது எதுவும் காலுக்கு எட்டுவதில்லை.

எங்கள் பள்ளியில் ஒரு கிறிஸ்தவ டீச்சர் இருந்தார். இடி வந்தால் பிள்ளைகளையெல்லாம் ஒரே அறையில் உட்காரவைத்துவிட்டுத் தானும் நடுவில் உட்கார்ந்துகொள்வார். பயப்படுகிறவர்கள் 23ஆம் சங்கீதத்தைத்தான் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் 29ஐச் சொல்வார். அது முழுக்க இடிதான். கர்த்தருடைய சத்தம் லீபனோனின் கேதுரு மரங்களை முறிக்கிறது, வனாந்தரத்தை அதிரவைக்கிறது. அத்தனையும் முறிந்த பிறகு கடைசியில் தம் ஜனத்துக்குச் சமாதானம் கொடுக்கிறார். “பயமா இருக்கும்போது இதை ஏன் டீச்சர் சொல்றீங்க? இன்னும் பயமா இருக்காதா?” என்று கேட்டேன். “சத்தம் யாருடையதுன்னு தெரிஞ்சா பரவாயில்லையே” என்றார். அவரும் உத்தரன் கட்சிதான்.

அப்பா வேறு கட்சி. சாயங்காலம் தறியை நிறுத்திக் கைகால் கழுவித் திருநீறு பூசிக்கொண்டு திருவாசகம் படிப்பார். அதில் அச்சப்பத்து அவருக்கு உயிர். மாணிக்கவாசகர் தில்லையில் அருளியது என்பார்கள். பாம்புக்குப் பயமில்லை, யானைக்குப் பயமில்லை, தீ விழிக்கும் புலிக்குப் பயமில்லை, மலையே புரண்டாலும் பயமில்லை, எந்த நோய் வந்தாலும் பயமில்லை என்று சொல்லிக்கொண்டே போவார் அடிகள். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் ஒன்றுக்கு மட்டும் நடுங்குவார்: இறைவனிடம் அன்பில்லாதவர்களைக் கண்டால். பயமே இல்லாத மனிதர் என்று ஒருவரும் கிடையாது, பயத்தை எங்கே வைப்பது என்று தெரிந்தவர்கள்தான் இருக்கிறார்கள் என்பது அப்பாவின் வியாக்கியானம். இவ்வளவும் சொல்லும் அப்பாவுக்கு ஊசி என்றால் கிலி. மலை புரண்டாலும் அஞ்சாதவர், காய்ச்சலுக்கு ஊசி போட கம்பவுண்டர் வந்தால் கொல்லைப்புறமாகப் போய்விடுவார்.

மலைமேல் ஊருக்கே ஒரு கதை இருக்கிறது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் நூலிலும் அது பதிவாகியிருக்கிறது. காஞ்சிபுரத்தில் கரிராமன் என்ற சாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊரைவிட்டுப் புறப்பட்டுவிட்டார். அவரைப் பின்தொடர்ந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று பேர் குடும்பத்தோடு கிளம்பினார்கள். சேலத்துச் சீமைக்கு வந்ததும் வழி பிரிந்தது. பெரியண்ணன் ஏறியது சேர்வராயன் மலை. ஆயா சொன்ன கதையில் பெயர்கள் கொஞ்சம் மாறும், சண்டை கொஞ்சம் கூடும், ஆனால் சாமி முதலில் போனது, ஜனம் பின்னால் போனது என்பதில் மாற்றமில்லை. ஊர் அமைத்துக் குடியேறி, பிறகு சாமிக்கு ஓர் இடம் ஒதுக்குவதுதான் நான் கேட்டுவந்த வழக்கம். இங்கே சாமி போன திக்கில் ஊர். புலியும் கரடியும் இருந்த காட்டுக்குள் பிள்ளைகுட்டிகளோடு ஏறியவர்கள், முன்னால் ஒருவர் ஏற்கெனவே போயிருக்கிறார் என்ற ஒன்றை வைத்துக்கொண்டுதான் ஏறியிருக்கிறார்கள்.

மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழா. அந்த மலையின் உச்சி 1,623 மீட்டர். மேலே போனால் கூம்பாக இல்லை, பரந்த புல்வெளி. ஓரத்தில் குகை. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்ச்சனம் அன்றைக்கு அங்கே இருக்கும். பம்பைச் சத்தம், பொரி, வளையல் கடை, தொலைந்துபோன பிள்ளைகள். குகைக்குள் போக வரிசையில் நின்றபோதுதான் வாசலைப் பார்த்தேன். நிமிர்ந்து போக முடியாது. குனிந்து, இன்னும் குனிந்து, ஈரப்பாறை முதுகில் உரசப் போக வேண்டும். தலைக்கு மேல் அத்தனை மலை. உள்ளே எண்ணெய் வாசனையும் மனுச மூச்சும். சொட்டுச்சொட்டாகத் தண்ணீர் கழுத்தில் விழுகிறது. இந்தக் குகை காவேரி வரைக்கும் போகிறது என்று பின்னால் ஒருவர் தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல நேரம் பார்த்தார் சொல்ல.

மூச்சு முட்டியது. திரும்பலாம் என்றால் பின்னால் ஜனம். “ஆயா, எனக்கு முடியல” என்றேன். முன்னால் போனவள் திரும்பக்கூட இல்லை. திரும்ப இடமும் இல்லை.

“எங்காலப் பாத்துக்கிட்டே வா. மேல பாக்காத.”

வெடித்துப் பாளம்பாளமாக இருந்த குதிகால். வெள்ளி மெட்டி தேய்ந்து கம்பியாகிவிட்டிருந்தது. அது நகர்ந்தால் நகர்ந்தேன், நின்றால் நின்றேன். சாமி முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன், என்ன வேண்டிக்கொண்டேன் என்பதெல்லாம் நினைவில் இல்லை. அந்தக் குதிகால் இருக்கிறது. கடவுள் கூடவே இருக்கிறார் என்று யாராவது பிரசங்கம் செய்தால் எனக்கு ஒளியோ உருவமோ தோன்றுவதில்லை. அதுதான் தோன்றுகிறது. சைவ சித்தாந்தம் படித்த என் அக்கா மாமா இதைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும்.

குகையை விட்டு வெளியே வந்து புல்லில் உட்கார்ந்திருந்தபோது ஆயா தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னாள். அதுவரை அவர் எப்படிப் போனார் என்று நான் கேட்டதில்லை. மின்னல். மாட்டை ஓட்டிக்கொண்டு வரும்போது.

“மரத்தடியில நின்னாரா ஆயா?”

“நிக்கல. எல்லாத்துக்கும் சொல்ற ஆளு, நிப்பாரா? மரத்த உட்டு வெளிய வந்தாரு. வெட்டவெளியில உழுந்துச்சு.”

மேலே என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவளே தொடர்ந்தாள். அதற்கப்புறம் சில வருசம் அவள் திருவிழாவுக்கு வரவில்லை. மகன் தோளில் பேரனைத் தூக்கிக்கொண்டு போவான், இவள் வீட்டில் உட்கார்ந்திருப்பாள்.

“கோவம். அவன் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு இருந்தேன்.”

“அப்புறம் கோவம் தணிஞ்சிடுச்சா?”

“எங்க தணியுது! ஊட்டுல உக்காந்து செவுத்துகிட்டயா கேக்கறது? அவன் இங்க இருக்கான். இங்க வந்துதான கேக்கணும். வந்தேன், கேட்டேன். அடுத்த வருசமும் கேட்டேன். இப்பக்கூட உள்ள கேட்டுட்டுத்தான் வந்தேன்.”

சொல்லிவிட்டுப் பொரியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

கடவுள் நல்லவர் என்று நம்புவதற்கு நல்லது நடந்திருக்க வேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நல்லது நடந்தவர்களின் நம்பிக்கை எனக்குப் பெரிதாகப் பட்டதில்லை, அது நன்றிக்கடன். ஆயாவுடையது வேறு சாதி. நியாயம் கேட்கப் போகிறவள், எதிரே இருப்பவர் நியாயம் தெரிந்தவர் என்று நம்பாமல் மலையேறுவாளா? திருடனிடம் போய் யாரும் வருசாவருசம் நியாயம் கேட்பதில்லை. இவ்வளவு திட்டும் அவள்தான் புதுச் சாமை குத்தியதும் முதல் படியைச் சேர்வராயனுக்கு எடுத்துவைப்பாள். அதை எடுத்துவைக்கும் முன் வீட்டில் ஒருவரும் வாயில் போட முடியாது. ஒருமுறை எலி தின்றுவிட்டது, அதற்கு எலியைவிடச் சாமிக்கு அதிகத் திட்டு.

எல்லாப் பயத்துக்கும் அவள் சாமியிடம் போனாள் என்று நினைத்துவிடக் கூடாது. 1989 ஜூலையில் உலகக் காப்பி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை முறிந்தது. லண்டனிலும் நியூயார்க்கிலும் விலை சரிந்த கதை சில மாதங்களில் செம்மநத்தத்து அரை ஏக்கர்க்காரர்கள் வரை வந்து சேர்ந்தது. அதோடு அராபிகாச் செடியில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான். நிழல் குறைந்த தோட்டமாகப் பார்த்து உள்ளே புகுந்து தண்டைக் குடைந்து செடியைச் சாய்த்துவிடும் புழு அது. ஆயா வீட்டில் அந்த வருசம் சோற்றைவிடக் களிதான் அதிகம். அந்தப் பயத்துக்கு அவள் செய்தது, புழு புகுந்த செடியையெல்லாம் மகனை விட்டுப் பிடுங்கி எரிக்கவைத்ததும், இடையில் மிளகும் பலாவும் வைத்ததும், வட்டிக்காரனை வாசலில் ஏற்றாததும். இதையெல்லாம் சாமி கவனித்துக்கொள்ளாதா என்று கேட்டிருந்தால் மரத்தடியில் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பாள்.

தொண்ணூறுகளில் எனக்குச் சேலத்துக்கே மாறுதல் கிடைத்தது. அப்பாவுக்கு அதற்குள் நோய் முற்றிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு நாளைக்கு எத்தனையோ ஊசி. கொல்லைப்புறம் ஓட முடியாது. ஒரு ராத்திரி “படி” என்றார். எது என்று கேட்கத் தேவையில்லை. அச்சப்பத்தை எடுத்துப் படித்தேன். பிணியெல்லாம் வந்தாலும் என்கிற இடத்தில் கையை ஆட்டி நிறுத்தினார்.

“அவரு காலத்துல ஊசி இல்லம்மா. அதான் தைரியமா எழுதிட்டாரு.”

பக்கத்துக் கட்டில்காரரும் சேர்ந்து சிரித்தார். அப்புறம் நர்ஸ் வந்தாள். அப்பா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நடுங்கிக்கொண்டுதான் போட்டுக்கொண்டார். கடைசி வரைக்கும் அந்தப் பயம் அவருக்குப் போகவில்லை. ஆனால் ‘மேலே படி’ என்று சொல்லாமல் ஒரு ராத்திரியும் தூங்கவில்லை. நடுங்கியவர் நம்பாதவர் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

அந்த நாட்களில் எனக்குள் இருந்த பயம் இடியைவிடப் பெரிது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பத்துப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன், 29ஆம் சங்கீதத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில் ஆயா மாதிரி கேட்க ஆரம்பித்தேன். ஏன் என்று. மரியாதையாகக்கூட இல்லை. பதில் வரவில்லை. ஆனால் கேட்கக் கேட்க, வராந்தாவில் நான் தனியாக உட்கார்ந்து புலம்பவில்லை என்று தோன்றியது. அவ்வளவுதான் சொல்ல முடியும், அதற்கு மேல் சொன்னால் அலங்காரம் ஆகிவிடும்.

ஆயா போய்ப் பல வருசம் ஆகிவிட்டது. பேத்தி என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள். இப்போது அவள்தான் போன் பண்ணுகிறாள். ஊரில் ரோடு நன்றாக ஆகிவிட்டது, ஆனால் காட்டெருமைகள் தோட்டத்துக்குள்ளேயே மேய்கின்றன என்பாள். ஓர் ஆண் காட்டெருமை ஆயிரம் கிலோ வரை இருக்கும். காப்பி பறிக்கப் போகும்போது எதிரே நின்றால் ஓடக் கூடாது, கல் எறியக் கூடாது, அது நகரும்வரை நின்றுவிட்டுப் போக வேண்டும். “சேர்வராயா, உம்மாட்டைக் கொஞ்சம் ஓட்டுன்னு சொல்லிட்டு நிப்போம் டீச்சர்” என்று சிரிப்பாள்.

2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், அவள் குரலில் சிரிப்பில்லை. மகன் சேலத்தில் ஒரு வொர்க்‌ஷாப்பில் மாட்டிக்கொண்டிருந்தான். பஸ் கிடையாது. கோயில்களையெல்லாம் பூட்டியிருந்தார்கள். தமிழ்நாட்டில் எல்லாக் கோயிலும் திறக்க செப்டம்பர் ஆயிற்று.

“இந்த வருசம் திருவிழா இல்லையாம் டீச்சர்.”

“அப்போ சாமியைப் பாக்க முடியாதே” என்றேன்.

“பாக்க முடியாதுன்னா? வெளிய நின்னு கத்திட்டு வரேன். பையன ஊடு கொண்டாந்து சேத்துடு, இல்லன்னா ஆயா உட்ட எடத்துலேருந்து நான் புடிச்சுக்குவேன்னு.” இழுத்து மூச்சு விட்டாள். “பயமாத்தான் இருக்குது டீச்சர். ராத்திரி தூக்கமே வர மாட்டேங்குது. இருங்க, மழ எறங்குது, மெளகு காயப் போட்டிருக்கேன்.”

சில நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டாள். மிளகில் கால் மூட்டை நனைந்து வீணாகிவிட்டது. பையன் பாஸ் வாங்கி வந்து சேர்ந்துவிட்டான். ஆடு கட்டும் இடத்துக்குப் பக்கத்து அறையில் தனியாக உட்காரவைத்திருக்கிறாள், சோற்றை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறாள். அவனோ கருவாடு இல்லாமல் களி இறங்காது என்று உள்ளேயிருந்து தகராறு பண்ணிக்கொண்டிருந்தான். ஊரடங்கில் கருவாட்டுக்கு நான் எங்கே போவது, நீங்களே சொல்லுங்க என்று போனை அந்த அறை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள்.